அத்தையைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் கடத்தூர்ப் பக்கம் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். பார்க்காமல் விட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் நாள்பட்ட நோயோடு அப்பாவின் தங்கை எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது இந்த வழக்கமே பெரிய தொல்லையாகிவிட்டது. சின்னச் சளிகூட அத்தைக்கு ஒட்டக்கூடாது, ஆட்களைச் சேர்க்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாத்துக்குடிப் பையோடு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். பெரியவர்கள் தடுத்தால் மனத்தாங்கல் வரும், பத்து வயதுப் பெண் தடுத்தால் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தார்.

நான் கறாரான ஆள். பெரியப்பாவையே ஜன்னல் வழியாகப் பேசவைத்து அனுப்பினேன். எனக்குச் சளி பிடித்தபோது நானும் அத்தையின் அறைக்குள் போகவில்லை.

அப்பா தக்காளி லோடோடு வெளியூர் போயிருந்த நாளில் அம்மாவின் போனுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இங்கிலீஷ் படிக்க வீட்டில் அப்போது நான்தான் இருந்தேன். வெள்ளையணு என்ற வரிக்கு எதிரே, இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு பெரிய எண். வெள்ளையணுக்கள் உடம்பைக் காக்கும் சிப்பாய்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“அத்தைக்கு சிப்பாயிங்க எக்கச்சக்கமா இருக்காங்கம்மா. இனிமே ஒண்ணும் ஒட்டாது.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வாசலை விட்டு நகர்ந்தேன்.

அன்று சாயங்காலமே வீடு நிறைந்துவிட்டது. பெரியப்பா குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள், இருமிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை. “எல்லாரும் உள்ளாற வாங்க” என்று அத்தை கட்டிலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மாதக்கணக்கில் யாரையும் தொடாதவர் அந்தக் குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நானும் ஒட்டி உட்கார்ந்தேன். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததேயில்லை.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்த நோயில் மஜ்ஜை வெள்ளையணுக்களைக் கணக்கில்லாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், அவற்றில் பாதிக்குமேல் முற்றாதவை, கிருமியோடு சண்டை போடத் தெரியாதவை என்று மருத்துவர் போனில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை கூடியதே நோய் முற்றியதன் அடையாளம். அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மருத்துவர் சொன்னது எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அன்றைக்கு முழுவதும் அழுதேன்.

தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அத்தை வீடு திரும்பவில்லை. கொண்டுபோன அன்று காலையில் காரில் ஏற்றும்போது அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“புள்ளைக்கு மட்டும் தெரிய வேணாங்க அண்ணி.”

அடுத்த வாரம் என் பிறந்தநாள். அத்தை எனக்குத் தெரியாமல் ஏதோ வாங்கி வரப்போகிறார் என்று நினைத்து, கேட்காதவள் போலத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன்.