இருபத்து மூன்று மிதி

வேலை நடக்கும்போது அவர் பேசமாட்டார், ஸ்பானரால் தட்டுவார். தாராவியில் ஜீப்புகளுக்கு க்ளட்ச் பார்க்கும் மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். இடது புருவம் கிடையாது.

எங்கள் ஜீப்பை அவரிடம் கொண்டுபோனேன். மறுநாள் என் மகள் அதில் மலைப்பாதை ஏறவிருந்தாள். க்ளட்ச் பெடலோ மிதித்தால் பஞ்சாக அமுங்கியது. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் அப்படித்தான். மிதிக்கிற விசை காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், க்ளட்ச்சுக்குப் போய்ச் சேராது. ஏற்றத்தில் கியர் விழாமல் வண்டி பின்னால் உருண்டால்? இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். என்னை ஸீட்டில் உட்காரவைத்துவிட்டு அவர் வண்டிக்கு அடியில் போனார். இரண்டு தட்டு கேட்டால் நான் மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் கீழே திருகைத் திறந்து மூடியதும் ஒரு தட்டு கேட்கும், காலை எடுக்க வேண்டும். எண்ணிக்கொண்டே மிதித்தேன்.

இருபத்து மூன்றாவது மிதியில் பெடல் இறுகியது. காலை அழுத்தியபடியே நிமிர்ந்தால், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் அரை கிளாஸ் டீயான கட்டிங் சாய் இரண்டோடு வந்துகொண்டிருந்தார்.

"எத்தன ஆச்சு ஸார்?"

"இருபத்து மூணு."

"நான் பதினாலோட வெளிய வந்துட்டேன்லா."

"அப்போ கீழே யாரு?"

வண்டிக்கு அடியில் ஒரு தட்டு கேட்டது.

"தட்டியாச்சுல்லா, கால எடுங்க" என்று சாயை நீட்டினார்.

மகளிடம் எதுவும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தேன். நல்லபடியாகத் திரும்பினாள். ஆனால் அந்த மனிதர் ஏன் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். நானும் குனியவில்லை.