பின் கதவின் முதல் பல்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலிருந்து ஒரு பழைய காரை உடைக்க ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது மாடிக்காரருடையது. "கடைசியா ஒரு வாட்டி உக்காந்து பாக்குறீங்களா? நீங்க செஞ்ச வண்டியாச்சே" என்றார் சிரித்துக்கொண்டே. பின் இருக்கையில் உட்கார்ந்தேன். சூடேறிய ஃபோம், பழைய ரப்பர், எப்போதோ கொட்டிய விபூதி எல்லாம் கலந்து ஒரு வாசனை. கதவை இழுத்துச் சாத்தினேன். கண் கலங்கிவிட்டது. காருக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

நான் செய்த வண்டி என்பதெல்லாம் ரொம்ப அதிகம். அந்தக் காரில் என் பங்கு பின் கதவின் பூட்டு, அவ்வளவுதான். இரண்டாயிரம் பிறந்த புதிதில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஆனால் நாங்கள் குடியிருந்த ஸ்ரீராம்புரத்தில் அம்மா "எம் பொண்ணு காரு செய்யறா" என்று சொல்லி வைத்திருந்தாள். எங்களுக்கு ஒரு கார் சும்மா கிடைக்கும் என்று தெருவே நம்பியது. நானும் அதை மறுக்கவில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அது ஒரு சின்ன செடான். அதன் முதல் தலைமுறை உங்களுக்கு நினைவிருக்கலாம். சின்னக் காரின் முதுகில் டிக்கியை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். பின்னால் உட்காருபவரின் முழங்கால் முன் சீட்டில் இடிக்கும். புதிய தலைமுறையில் அதையெல்லாம் சரிசெய்யும் வேலையைக் கார் நிறுவனம் எங்கள் அலுவலகத்திடம் கொடுத்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நீளம் கூடியது. கூரை உயர்ந்தது. டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகளைப் படுக்கவைக்கலாம். வயதானவர்கள் சேலை தடுக்காமல் ஏறி இறங்கப் பின் கதவை அகலமாக்கினோம். சாலை இரைச்சல் உள்ளே வராமலிருக்கக் கதவைச் சுற்றித் தடித்த ரப்பர் பட்டை வைத்தோம். அங்கேதான் வந்தது வினை. ரப்பர் தடித்ததும் கதவைச் சாத்தப் பலம் வேண்டியிருந்தது.

கார் கதவின் பூட்டு இரண்டு படியாகக் கவ்வும். இரண்டாவது பல் பிடித்தால்தான் முழுப் பூட்டு. முதல் பல் பாதிப் பூட்டு. யாராவது சரியாகச் சாத்தாமல் விட்டாலும் கதவு திறந்துகொள்ளாமல் காப்பது அதுதான். நான் அந்த முதல் பல்லை அரை மில்லிமீட்டர் குறைத்தேன். கதவு லேசாகத் தள்ளினாலே சாத்திக்கொண்டது. மேலாளர் என் கையைக் குலுக்கினார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

கன்னியப்பன் எங்கள் சோதனை ஓட்டுநர். ஜீவனஹள்ளிக்காரர், ஒப்பந்த ஆள், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மாதிரி வண்டியை மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு வந்து, எங்கே என்ன சத்தம் என்று சொல்வது அவர் வேலை. என் மேசைக்கு வந்து சொன்னார்.

"மேடம், அந்தப் பின் கதவு சாத்துனா மாதிரி இருக்குது, ஆனா முழுசா உக்காரல. ஸ்வல்ப பாருங்க."

"பாக்குறேன்" என்றேன். பார்க்கவில்லை. அடுத்த வாரமும் சொன்னார். அப்போதும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை ஆனேக்கல் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். பின் இருக்கையில் மூன்று மணல் மூட்டைகள், மூன்று ஆட்களின் எடைக்கு. கன்னியப்பன் கதவைச் சாத்தினார், பிடித்து இழுத்தும் பார்த்தார். திறக்கவில்லை. முன் சீட்டில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்த நான் திரும்பி அதைப் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்தேன்.

ஒரு வளைவில், பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, பின்னால் சரேலென்று காற்று. கதவு திறந்து, ஓர மூட்டை சாலையில் விழுந்து பிளந்தது. பின்னால் மொபெட்டில் குழந்தையோடு வந்த பெண் மூட்டைக்கு ஒரு சாண் முன்னால் காலை ஊன்றி நின்றாள். குழந்தை அழக்கூட இல்லை. கன்னியப்பன் ஓடிப்போய் முதலில் மூட்டையை ஓரத்துக்கு இழுத்தார். அந்தப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, என்னிடம் வந்தார்.

"மூட்டையா இருந்ததால மண்ணு கொட்டிச்சு, மேடம்."

அன்று மாலையே மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வண்டியை அறிமுகப்படுத்த மூன்று மாதமே இருந்தது. "டிரைவர் கதவைச் சரியா சாத்தலைன்னு ஒரு வரி எழுதிடலாம். கன்னியப்பா, ஒரு கையெழுத்துப் போடு" என்றார்.

"நான் சாத்துனேன், சார். இழுத்தும் பார்த்தேன். மேடம் பார்த்துட்டுதான் இருந்தாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பேப்பரப் பாத்துட்டு இருந்தேன்" என்றேன்.

வேலை போய்விடுமே என்ற பயமில்லை. நான் குறைத்த பல்லைப் பற்றிப் பேச்சு வந்துவிடும் என்ற பயம். கன்னியப்பன் காகிதத்தை மேலாளர் பக்கமே தள்ளி வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாதபோது, நான் அந்தக் கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தேன். இருபது தடவைக்கு மூன்று நான்கு தடவை பாதியில் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குலுக்கினால் நழுவியது. இரண்டாவது வாரம் உட்கார்ந்து எழுதினேன். பல்லைக் குறைத்தது நான், ஓட்டுநர் இரண்டு முறை எச்சரித்தார், அன்று கதவைச் சாத்தினார், நான் பார்த்தேன். மேலாளருக்கு மட்டும் கொடுத்தால் மேசைக்குள் போய்விடும் என்று கார் நிறுவனத்துக்காரர்களுக்கும் ஒரு நகல் கொடுத்தேன்.

பல்லைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்தார்கள். ரப்பர் பட்டையைக் குழாய் மாதிரி உள்ளே காலியாக்கி மிருதுவாக்கினார்கள். வண்டி தள்ளிப்போய்த்தான் வெளிவந்தது. என்னை விளக்குத் தாங்கிகள் வரையும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆனால் கன்னியப்பனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

விலாசம் விசாரித்து ஜீவனஹள்ளிக்குப் போனேன். குறுகலான சந்தில் ஓட்டு வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பூட்ட மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க."

"எல்லா வண்டியிலயுமா?"

"எல்லாத்துலயும்."

தலையாட்டினார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "காபி போடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். அவங்க கிளம்புறாங்க" என்றார் கன்னியப்பன். குரலில் கோபமே இல்லை. நான் கிளம்பினேன்.

இப்போது அந்தக் காரைத் தயாரிப்பதில்லை. எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில் பதினெட்டு மாடி நிற்கிறது. வரைபடங்களை எந்தக் கணினியிலும் திறக்க முடியாது என்று பழைய நண்பர் சொன்னார். நாங்கள் ஓட்டிப் பார்த்த ஓசூர் ரோட்டின் மேல் பாலம் ஓடுகிறது, கீழே பகலிலும் நிழல்.

ஜீவனஹள்ளிக்கு இன்னொரு தடவை போனேன், சில வருஷம் கழித்து. என்ன சொல்லப் போனேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தச் சந்தில் ஓட்டு வீடுகள் இல்லை, மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"கன்னியப்பனா? வேன் ஓட்டுவாரே, அவரா? காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சும்மா."

எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.