திம்பத்தில் விட்டுவந்த கார்

தாளவாடியிலிருந்து காலை ஏழு பத்துக்குக் கிளம்பினோம். கொழுந்தியாள் வீட்டுப் புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள். மூன்று நாளாகப் பந்திக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நின்றே என் மனைவி சாந்திக்கு முழங்கால் வீங்கியிருந்தது. எனக்குத் தூக்கமே இல்லை. திருப்பூர் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது. ஆனால் சத்தியமங்கலம் வரைக்குமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதில் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் வேறு.

ஆசனூர் தாண்டும்போது எட்டு மணி. இருபுறமும் மூங்கில், சாலையில் யானைச் சாணம், லேசான பனி. இதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. வண்டி வேறு இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உருளாமல் அப்படியே நின்றது.

“ஏனுங்க, ஏதோ தீயற வாசம் வருதுங்களே?” என்றாள் சாந்தி.

“முன்னாடி போற லாரியா இருக்கும்,” என்றேன். முன்னால் லாரியே இல்லை.

எட்டரைக்குத் திம்பம். இறக்கம் தொடங்குமுன் இருக்கும் டீக்கடையில் ஓரங்கட்ட மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டாவது மிதியில்தான் கார் நின்றது. முன்சக்கரங்களில் புகை. டீ பதினைந்து ரூபாய், இஞ்சி தூக்கல்; அந்தப் பதற்றத்திலும் இதைக் குறித்து வைத்திருக்கிறேன், என்ன புத்தியோ.

கோவைக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் டிரைவர் செல்வராசு, கோபிக்காரர், தானாகவே வந்து புறங்கையைச் சக்கரத்தருகே காட்டிப் பார்த்தார்.

“பிரேக் புடிச்சுட்டே வந்திருக்குதுங்ணா. ஆயில் கொதிச்சுப் போச்சு. ஆயிலை அமுக்க முடியாது, அதனாலதான் நீங்க மிதிக்கிற மிதி அப்படியே வீலுக்குப் போகுது. கொதிச்சு ஆவிக் குமிழி உழுந்துச்சுன்னா, குமிழிதான் அமுங்கும். மிதி வீலுக்குப் போய்ச் சேராதுங்க.”

“உங்க லாரிக்கும் இப்படி ஆகுமுங்களா?”

“எங்குளுது காத்து பிரேக்குங்ணா. எஞ்சின் ஓடுனா டேங்குல காத்து ரொம்பும். பின் வீல்ல கெட்டி ஸ்பிரிங் இருக்குது. அதைக் காத்துதான் அமுக்கி வெச்சிருக்கும். காத்துப் போச்சுன்னா ஸ்பிரிங் வந்து கவ்விப்போடும். காத்து இல்லீன்னா லாரி நவுறாது. ஆயில் இல்லீன்னா உங்க காரு நிக்காது.” சிரித்துவிட்டு அவரே சமாதானமும் சொன்னார். “பெடல் மேலயே காலை வெச்சு ஓட்டியிருப்பீங்க. அரை மணி நேரம் ஆறட்டும். ஒண்ணாங் கியர்ல பைய எறங்குங்க, போயிரலாம்.”

ஆமாமுங்க என்று தலையாட்டினால் முடிந்தது. ஆனால் காரணம் அதுவல்ல, எனக்குத் தெரியும். நான்கு நாள் முன்பு பிரேக் ஆயில் குறைந்திருந்தது. பனியன் தைக்கும் வீடு எங்களுடையது, எட்டு மெஷின். எண்ணெய்க்கா பஞ்சம்? தண்ணீர் மாதிரி தெளிந்த தையல் மெஷின் ஆயிலை எடுத்து நானே ஊற்றிவிட்டேன். மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னாள் சாந்தி. “முப்பது வருசமா மெஷினோட கெடக்கறவனுக்கு ஆயிலைப் பத்தி நீ சொல்லித் தர்றியா?” என்று டெய்லர்கள் முன்னால் அவளை வாயடைத்தேன்.

இப்போது அதே வாயால் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் நின்றேன். சாந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“போலாமுங்களா?” என்றாள்.

“இருங்க செல்வராசு,” என்றேன். “அதுல நான் மெஷின் ஆயில் ஊத்திட்டேனுங்க.”

“அட சாமி!” பானெட்டைத் திறக்கச் சொல்லி பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினார். உள்ளிருந்த ரப்பர், ஊறிய அவரைக்கொட்டையாக உப்பியிருந்தது. “உள்ள இருக்கற ரப்பரெல்லாம் இப்படித்தான் உப்பிப்போயிருக்கும். ஆயில் திரும்பற ஓட்டையை அடைச்சுப்போட்டிருக்குது. அதான் புடிச்ச பிரேக் வுடல. ஆற வெச்சாலும் ஆவாதுங்ணா. நான் வேற எறங்கச் சொன்னனே! சாவியக் குடுங்க.”

சாவி டீக்கடைக்காரரிடம் போனது. நாங்கள் லாரியில் ஏறினோம். காற்றழுத்த முள் மேலேறும்வரை செல்வராசு வண்டியை நகர்த்தவில்லை. வளைவுக்கு வளைவு புஸ் புஸ்ஸென்று காற்று இறங்கியது. பத்தேகாலுக்குச் சத்தியமங்கலம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். டீசலுக்கு என்று நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை.

திருப்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உடம்பெல்லாம் வலி. எங்கள் ஊரில் எண்ணெய் பிசகினால் தையல் கோணும், துணி கறையாகும், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில்தான் ஊற்றியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியதும் சாந்தி கேட்டாள். “அந்தண்ணன் போலாமுன்னு சொன்னதுக்கப்புறம் சித்த நேரம் பேசாமயே நின்னீங்களே. என்னங்க யோசிச்சீங்க?”

பொய் சொல்லவும் தெம்பில்லை. “உம்முன்னாடி மானம் போயிருமேன்னு,” என்றேன்.

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“நானும் அந்தக் காருலதான இருந்தனுங்க,” என்றாள்.