துடுப்பை இறக்கி வைத்துவிட்டுப் படம் எடுத்தவர்கள்

அவுஸ்திரேலியாவில், வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் குடியிருக்கும் வீதியில் ஏழு வள்ளங்கள் நிற்கின்றன. கடலுக்குப் போவதென்றால் இங்கிருந்து காரில் ஒரு மணித்தியாலம் வேண்டும். ஆனாலும் வள்ளங்கள் வீட்டு முற்றத்தில், பூமரங்களுக்குப் பக்கத்தில், இரண்டு சில்லு வைத்த இழுவை வண்டிலின் மேல் தார்ப்பாய் போர்த்துப் படுத்திருக்கின்றன. நான் வந்த புதிதில் ஒரு காலை பஸ்ஸுக்கு நின்றபோது, சந்திச் சைகை விளக்கு சிவப்பாக மாற, ஒரு வள்ளம் வந்து எனக்கு முன்னால் நின்றது. அதை இழுத்துவந்த காருக்குள் வங்கி மனேச்சர் மாதிரி ஒரு மனிதர். பின்னால் அவருடைய பிள்ளைகள். ஒருவருக்கும் அதில் வெட்கமில்லை. விளக்குப் பச்சையாகி அவர்கள் போனபின்னும் நான் பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இப்போது எங்கள் ஆட்களும் வள்ளம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கந்தோரில் வெள்ளைக்காரர்கள் பாஸ் மீன் பிடித்த கதை சொல்கிறார்களாம், தாங்கள் வாய் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியிருக்கிறதாம். பாஸ் என்பது இங்கத்தைய ஆற்று மீன், எங்கள் கொடுவாவுக்குத் தம்பி மாதிரி. இந்த ஒரு வருடத்துக்குள் நாலு பேர் என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டார்கள். நாலு பேரும் கேட்டது ஒரே விதமாகத்தான்: ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி. நான் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் காதுக்குள் கேட்டதற்கெல்லாம் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான மயிலிட்டியான். இருபது வருடம் கடலில் மீன்பிடித் தொழில் செய்தவன். என் மனைவி மனோ நேர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் நாங்கள் வந்தோம். எனக்கு அலுமினிய வள்ளங்களுக்கு ஆசனம் பூட்டுகிற பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் நாள் மேற்பார்வையாளர் கேட்டார், "உனக்கு வள்ளம் பற்றி ஏதாவது தெரியுமா?" நான் "நோ சேர்" என்றேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு கயிற்றை எடுத்து முடிச்சுப் போடுவது எப்படி என்று மெதுவாகக் காட்டித் தந்தார். நானும் தெரியாதவன்போல இரண்டுதரம் பிழையாகப் போட்டு மூன்றாந்தரம் சரியாகப் போட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பட்டறையில் இன்னொரு தமிழர் கணக்குப் பகுதியில் வேலை செய்தார். நான் கடல் தொழில்காரன் என்பதும், அதோடு என் சாதியும் அவர் காதில் விழுந்துவிடும் என்ற பயம். ஆறாயிரம் மைல் தாண்டி வந்தும் அந்தப் பயத்தை நான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுதான் வந்திருந்தேன்.

ஆனால் அந்த நாலு பேரில் ஒருவரான சிவபாதம் எஞ்சினியருக்கு என்னவோ எல்லாம் தெரிந்திருந்தது. போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தார். மனோ தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"தேவராசா, நான் ஒரு போட் எடுக்கப் போறன். நீர் உந்தத் தொழில் தெரிஞ்ச ஆள்தானே. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பயப்பிடாதையும்."

பயப்பிடாதையும்! என் பிறப்பை அவர் மறைத்து வைத்து எனக்கு உபகாரம் செய்கிறாராம். அன்றைக்கே எனக்குச் சுட்டது. ஆனாலும் கேட்டவருக்குச் சொல்லாமல் விடுவது தொழிலுக்கு அழகில்லை. அவருக்கு அன்று சொன்னதை இங்கே திரும்பவும் எழுதுகிறேன்.

பாஸ் மீனுக்குப் பன்னிரண்டு அடி அலுமினிய வள்ளம் போதும். மூன்று பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஆறு குதிரை வலு எஞ்சின் தாராளம். பின்பலகையில் பாரமான எஞ்சினைத் தொங்கவிட்டால் பின்பக்கம் தாழ்ந்து, ஒரு சின்ன அலைக்கே தண்ணீர் உள்ளே வரும். பெற்றோல் தாங்கியை முன்னுக்கு வையுங்கள். அடித்தளத்துக்குப் பழைய கம்பளம் ஒன்றை வெட்டி விரியுங்கள், அழகுக்காக இல்லை. அலுமினியத்தில் ஒரு சாவி விழுந்தால் அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கோயில் மணி மாதிரிக் கேட்கும், பாஸ் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டாது. அது விழுந்த மரங்களுக்குக் கீழே, நிழலில் ஒதுங்கியிருக்கிற மீன். அதனால் மரத்துக்கு ஐம்பது யார் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் போகவேண்டும். தண்ணீருக்குள் சுற்றுகிற எஞ்சின் காற்றாடியில் ஆணி மாதிரி ஒரு சின்னப் பின் இருக்கிறது. காற்றாடி கட்டையில் அடிபட்டால் எஞ்சின் உடையாமல் அந்தப் பின் உடைந்து கொடுக்கும். உடைந்தால் எஞ்சின் சுற்றும், வள்ளம் நகராது. ஆகவே ஒரு புகையிலைத் தகரத்தில் நாலு பின், ஒரு குறடு, ஒரு பிளக் எப்போதும் இருக்கவேண்டும். தண்ணீர் இறைக்க ஒரு வாளி, அதைக் கயிற்றால் கட்டி வையுங்கள். ஆளுக்கொரு மிதவைச் சட்டை. எது இல்லாவிட்டாலும் இரண்டு துடுப்பு இல்லாமல் கரையை விட்டு இறங்காதீர்கள்.

இன்னொன்று. ஹோக்ஸ்பரி ஆறு கடலில் இருந்து வெகுதூரம் உள்ளேயும் கடலோடு சேர்ந்து தண்ணீர் ஏறி இறங்குகிற ஆறு. பத்திரிகையில் வற்றுப்பெருக்கு நேரம் போடுகிறார்கள். வெட்டி எடுத்து, அதன்படி போங்கள். பெருக்கோடு மேலே போய், வற்றோடு திரும்புவது சுகம்.

சிவபாதம் தலையாட்டிக் கேட்டார். பிறகு கடைக்குப் போனார். கடைக்காரன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தானாம். இருபத்தைந்து குதிரை எஞ்சினும், கண்ணாடி மறைப்பும், சுழலுகிற சிவப்பு ஆசனமும் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் எஞ்சினைக் காட்டி, "இது கூடிப் போச்சு" என்றேன்.

"அவன் அதிலை ட்ரெயினிங் எடுத்தவன் ஐசே," என்றார்.

நான் எடுத்தது இருபது வருடம். அது பயிற்சியில் சேர்த்தியில்லை.

வள்ளம் இறக்குகிற நாளுக்கு என்னையும் வரச்சொன்னார். காரில் இடமில்லை, இழுவை வண்டிலில் இருந்து வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ள ஒரு ஆள் வேண்டும், ரயிலில் வந்துவிடும் என்றார். போனேன். அங்கே சிவபாதம், அவர் மனைவி யோகம், அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகள், யோகத்தின் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களின் கைக்குழந்தை எல்லோரும் நின்றார்கள். பெண்கள் பட்டுச்சேலை. சோற்றுப் பார்சல்களும் ஒரு பெரிய பிளாஸ்க்கும். வள்ளத்தின் மூக்குக்குச் சந்தனப் பொட்டு. தேங்காயை அலுமினியத்தில் அடித்து ஒரு பள்ளமும் விழுத்தியிருந்தார்கள்.

நான் காலை ஏழரைக்கே வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டேன். அப்போது இறக்கியிருந்தால் பெருக்கோடு அழகாக மேலே போயிருக்கலாம். ஆனால் சிவபாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து தபாலில் எடுப்பித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, பதினொன்று பத்துக்குத்தான் நல்ல நேரம் என்று காத்திருந்தார். யாழ்ப்பாணத்துச் சூரியன் எழும்புகிற கணக்குக்கு எழுதிய பஞ்சாங்கம் அது. பதினொன்று பத்துக்கு ஹோக்ஸ்பரி வற்றத் தொடங்கிவிட்டது. மரக்கட்டைகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

"தண்ணி வடியுது," என்றேன். "இப்ப போனா இழுத்துக்கொண்டு போயிடும். பின்னேரம் பாப்பம். இல்லாட்டி மூண்டு மூண்டு பேராப் போவம்."

"நல்ல நேரம் போயிடும் தேவராசா. இது உம்மடை மயிலிட்டிக் கடல் இல்லை, ஆறு."

யோகத்தின் தம்பி சிரித்தார். "அண்ணை, மீன் பிடிக்கிறாக்களுக்குத் தண்ணியிலை பயமோ?"

பிறகு படம் எடுத்தார்கள். ஊருக்கு அனுப்பவாம். எல்லோரையும் வள்ளத்தில் இருத்தி, சிவபாதத்தின் மைத்துனரான அந்தத் தம்பி கரையில் நின்று கமராவைப் பிடித்தார். அப்போதுதான் சிவபாதம் வள்ளத்துக்குள் கிடந்த இரண்டு துடுப்பையும் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"இதுகளை வெளியிலை வையும். துடுப்போடை படம் போனா ஊரிலை என்ன கதைப்பினம்? எஞ்சினியர் அவுஸ்திரேலியாவிலை மீன்பிடிக்கப் போயிட்டார் எண்டல்லோ."

எஞ்சினியர் மீன்பிடிக்கத்தான் போகிறார். தூண்டில் மீன் பிடிக்கும், சிவப்பு ஆசனம் மீன் பிடிக்கும், துடுப்பு மட்டும் சாதி காட்டிவிடும்! நான் துடுப்பை வாங்கிச் சேற்றில் வைத்தேன். படம் எடுத்தபின் மைத்துனரும் ஏறினார். குழந்தையோடு ஏழு பேர். மிதவைச் சட்டை இரண்டு. "துடுப்பு" என்று கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் கூப்பிடவில்லை என்பதுதான் உண்மை. உம்மடை மயிலிட்டி என்று சொன்னவருக்கு இன்னொருதரம் கத்த எனக்கு மனம் வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்த ஒரு கூப்பாட்டுக்காக என்மேலும் அவ்வளவு கோபம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த வள்ளத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

இருநூறு யார் தூரம்கூட வள்ளம் போயிருக்காது. ஒரு கட்டையில் காற்றாடி அடிபட்ட சத்தம் கரைக்குக் கேட்டது. எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை. பின் உடைந்துவிட்டது. அடுத்த நிமிடம் வற்று வள்ளத்தைக் குறுக்காகத் திருப்பி ஆற்று வளைவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அங்கே பெரிய மரமொன்று தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. அதில் வள்ளம் பக்கவாட்டாக மோதிச் சாய்ந்து நின்றது. கிளையைப் பிடிக்க எல்லோரும் ஒரே பக்கமாக எழும்பினார்கள். பாரமான எஞ்சின் தொங்கிய பின்பலகைக்கு மேலால் தண்ணீர் உள்ளே போவதை நான் கரையில் இருந்தே கண்டேன்.

பக்கத்தில் ஒரு கிழவர் தன் சின்ன வள்ளத்தை அப்போதுதான் தண்ணீரில் விட்டிருந்தார். கென் என்று பிறகு தெரிந்தது. எஞ்சின் இன்னும் பூட்டவில்லை. நான் கைகாட்டி, "சில்ரன், சில்ரன்" என்றேன். அவர் எங்கள் பிள்ளைகள் நீந்தப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாராம், கைகாட்டிச் சிரித்தார். எனக்கு வேறு ஆங்கிலம் வரவில்லை. கேளாமலே அவர் வள்ளத்துக்குள் ஏறித் துடுப்பைப் பிடித்தேன். அவர் ஏதோ திட்டிக்கொண்டு பின்னால் குதித்தார். பிறகு நான் பார்க்கிற பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஊரை விட்டு ஆறு வருடத்துக்குப் பிறகு துடுப்புப் பிடித்துத் தண்டு வலித்தேன். கை மறக்கவில்லை. தண்ணீர் வருகிற மேற்புறமாகப் போனால் எங்களையும் அந்த மரத்தில் அடித்துச் சாத்தும் என்று சுற்றி, கீழ்ப்புறமாக வந்து அணைத்தேன். "ஒருத்தரும் எழும்பக்கூடாது! இருங்கோ! இரடா!" என்று கத்தினேன். அந்த "டா" மைத்துனருக்கு. குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் வள்ளத்துக்குள் நிரம்பிய தண்ணீரில் அப்படியே குந்தினார்கள். யோகம் முதலில் கைக்குழந்தையை நீட்டினார், கென் வாங்கினார். பிறகு இரண்டு பெண்பிள்ளைகள். இப்படி மூன்று தடவையாக ஏழு பேரையும் கரையில் சேர்த்தோம். கடைசியாக வந்தவர் சிவபாதம். அவர் வள்ளம் மரத்தடியில் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது, பொட்டும் தெரிந்தது.

இரண்டு கிழமை கழித்துப் பரமட்டாவில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல். வடை சாப்பிட்டுக்கொண்டு சிவபாதம் கதை சொன்னார். "எஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணிப்போட்டுது. நல்ல காலம், ஒரு வெள்ளைக்காரக் கிழவன் வந்து இழுத்து விட்டவன். அவங்கள் உதவி எண்டா உதவிதான்."

நான் இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். மனோ என் முழங்காலில் கைவைத்து அமத்தினாள், "சும்மா இருங்கோ" என்ற அர்த்தம். நான் எழும்பிவிட்டேன்.

"வெள்ளைக்காரன் தண்டு வலிக்கேல்லை. நான் வலிச்சனான்."

மூலையில் இருந்த ஒரு பெரியவர், சாதி அறிவதற்கென்று நாங்கள் எல்லோரும் அறிந்த அந்தக் கேள்வியைத் தேனொழுகக் கேட்டார்: "தம்பி ஊரிலை எவடம்?"

"மயிலிட்டி."

"மயிலிட்டியிலை எவடம்?"

"கடற்கரை. அப்பரும் தொழில், அப்பற்றை அப்பரும் தொழில். இன்னும் என்ன கேக்கவேணும், கேளுங்கோ ஐயா."

பெரியவர் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கை நீட்டினார். யோகம் மட்டும், மடியில் சின்ன மகளோடு, கணவரைப் பாராமலே சொன்னார். "ஓம். இவர்தான் வலிச்சவர். அண்ணை இல்லாட்டி இந்தப் பிள்ளை இல்லை." சிவபாதம் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றுகூடலுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று மனோ சொல்கிறாள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் என் பெயர், தகப்பன் பெயர், ஊர், குறிச்சி எல்லாம் பிழையில்லாமல் தெரியும். கூப்பிடத்தான் ஒருவரும் இல்லை. கென் ஒவ்வொரு சனியும் மீன் பிடிக்கக் கூப்பிடுகிறார். தேவராசா என்று அவருக்கு வாயில் வராது, "டேவ்" என்பார். மாற்றச் சொல்லிப் பார்த்தேன், "யெஸ், டேவ்" என்கிறார். எங்கே பிறந்தாய், என்ன தொழில் செய்தாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. அதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது, ஒரு வெறுமையும் இருக்கிறது. நல்ல பாஸ் ஒன்று பிடிபட்டால் எங்கள் கடலில் கொடுவா எப்படி இழுக்கும் என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்லுகிற அளவு ஆங்கிலம் எனக்கில்லை, கேட்கிற எண்ணம் அவருக்கில்லை.

போன மாதம் நானும் ஒரு பன்னிரண்டு அடி வள்ளம் எடுத்தேன். கென் பரிசாக ஒரு சோடித் துடுப்புக் கொண்டுவந்தார். ஒன்றின் தட்டையில் சிவப்பு மையால் ஆங்கிலத்தில் டேவ் என்று எழுதியிருந்தது. நான் அதை அழிக்கவில்லை. பட்டறையில் இருந்து கொஞ்சம் மை கொண்டுவந்து, மற்றத் துடுப்பில் தேவராசா, மயிலிட்டி என்று தமிழில் பெரிதாக எழுதினேன். சனிக்கிழமை இரண்டையும் கொண்டுதான் வலிக்கிறேன். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் வலித்துப் பார்த்தேன், வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.