வரிசையில் படிந்த வெள்ளிக் கம்பிகள்

கோவையில் எங்கள் ஆய்வகத்தின் மூத்த மாணவர் அவர். ஒல்லி உடம்பு. டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் இட்லி எனக்குத்தான்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நானோ கம்பிகளை ஒரே திசையில் இழுத்துப் பூசினால் அந்தத் திசையில் மின்சாரம் எளிதாக ஓடுகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த நான் கண்டது அது. அவரிடம்தான் முதலில் காட்டினேன். கருத்தரங்கில் தன்னுடையதாகச் சொல்லிவிட்டார்.

அவர் மேடையிலிருந்து இறங்கியதும், "அது நான் செஞ்சதுங்ணா" என்றேன்.

"உன்றது என்றதுன்னு என்ன அம்மணி? எல்லாம் நம்ம லேப்தான்."

அதற்குள் ஒரு பேராசிரியர் வந்து, மின்சாரம் அப்படி ஓடுவதற்குக் காரணம் கேட்டார். மூத்த மாணவருக்குத் தெரியவில்லை. "நீயே சொல்லிப்போடு அம்மணி" என்றார். கம்பிகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டால் மின்சாரம் சுற்றிப் போக வேண்டியதில்லை என்று விளக்கினேன்.

"புள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று அவரைப் பாராட்டினார் பேராசிரியர்.

அவர் மறுக்கவில்லை. என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அந்தப் பெருமையில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.