பஞ்சுக் கையின் விமானம்

என் அக்கா வீட்டுக்காரரை, அதாவது அத்தானை, துறைமுகத்தில் 'பஞ்சுக் கை' என்பார்கள். அவர் கிரேனில் இறக்கும் பெட்டி தரையைத் தொடுவது பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது. இந்தக் கைக்கு ஒரு லீவர், அந்தக் கைக்கு ஒரு லீவர், சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. பாதி ஆயுள் அதில்தான் போனது. மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டில் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

அந்த வலது கைதான் நடுங்க ஆரம்பித்தது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். கூண்டிலிருந்து இறக்கி, லாரிகளுக்குக் கேட் திறக்கும் வேலையில் போட்டார்கள். கை சரியானால் ஓட்டிக் காட்டிவிட்டு மறுபடி மேலே ஏறலாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தார்கள். சொன்னவன் யாரோ, அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

மகள் அவருக்காக விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு வாங்கி வந்தாள். மேசையின் வலப்பக்கம் விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கை வைத்து முடுக்கினாள். இடப்பக்கம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். அத்தான் சும்மா இருப்பாரா? கூண்டில் இருந்த இடைவெளிக்கே இரண்டையும் நகர்த்தச் சொன்னார். நாற்காலி உயரம் போதாதென்று தலையணையைப் போட்டுக்கொண்டார். ஜாய்ஸ்டிக்கை நாலு பக்கமும் கடைசிவரை சாய்த்து, கம்ப்யூட்டருக்கு அதன் எல்லையைக் காட்டினார்கள். விமானம் கிளம்பியது, குடிகாரன்போலத் தள்ளாடியது. அத்தான் கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் சரியா செட் பண்ணலப்பா, அதான்," என்றாள் மகள்.

அவர் குளிக்கப் போனதும் மாற்றினாள். நடுவிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் ஜாய்ஸ்டிக் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று சொல்லி வைக்க ஒரு வசதி இருக்கிறதாம். அதைக் கூட்டிக்கொண்டே போனாள். கை நடுங்கும், விமானத்துக்குத் தெரியாது. அப்பா சிரித்தால் போதும் என்று செய்தாள், பாவம்.

சிரித்தார். வீட்டுக்கு வந்தவரையெல்லாம் உட்காரவைத்து விமானத்தை இறக்கிக் காட்டினார். "கைய ஏன்யா பாக்குற, விமானத்தப் பாரு. லீவரப் பிடிச்சுட்டா எல்லாம் நிதானத்துக்கு வந்துடுது," என்பார். ஒருநாள் துறைமுக ஆபீசுக்குப் போய், கிரேனை ஓட்டிக் காட்டத் தேதியும் கேட்டு வாங்கிவிட்டார்.

மகள் பயந்துபோய் என் அக்காவிடம் உண்மையைச் சொன்னாள்.

"நீயே அப்பாகிட்ட சொல்லிடு."

"நீ சொல்லும்மா."

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய் ஓயாது. வேண்டிய நேரத்தில்தான் ஆளுக்காள் அடுத்தவரைக் கைகாட்டுவோம். அந்தத் தேதியும் வந்தது, அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் நானும் அங்கேதான் இருந்தேன். வந்தவர் நேரே ஜாய்ஸ்டிக் முன்னால் உட்கார்ந்தார்.

"பாப்பா, இதுல என்ன பண்ணி வெச்சிருக்க?"

மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

"அத எடுத்துடு."

எடுத்தாள். விமானம் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போனது. திட்டுவார் என்று நின்றோம். திட்டியிருந்தால் தேவலை. அவர் திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலிப் பெட்டிதான் குடுத்தாங்க," என்றார். "கீழ நின்னவனெல்லாம் ஓடினான். எல்லாம் நம்ம பசங்கதான். என் பெட்டியப் பாத்து இதுவரைக்கும் ஒருத்தனும் ஓடினதில்ல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, பழையபடி வெச்சுடு பாப்பா," என்றார் அத்தான். "கொஞ்ச நேரம் ஓட்டிக்கிறேன்."