பிணையல் மாட்டோடு நடந்த அய்யா

உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்களே, அதற்கு அடுத்த கார்த்திகையில்தான் அய்யா விழுந்தார். அய்யா என்றால் என் அப்பா. மார்க்கையன்கோட்டை வாய்க்கால் படியில் பாசி வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றும் விழவில்லை. உட்காருகிற மாதிரிதான் சரிந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

சின்னமனூரிலிருந்து கட்டு வைத்தியர் வந்தார். முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"வயசான எலும்பு, உள்ளுக்குள்ள பொக்கையா இருக்கு. பிரண்டையும் எள்ளும் குடுங்க. காலை வெயில் மேல படட்டும்."

மாசியில் கட்டைப் பிரித்தார். "எலும்பு கூடிருச்சு. இனி நடக்கணும். இப்பிடியே கெடந்தாகன்னா நெஞ்சுல சளி கட்டிரும். அப்புறம் என்னையக் கூப்பிடாதீக."

அய்யா எழுந்திருக்கப் பயந்தார். நாங்களும் எழுப்பவில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட அவரை எடுக்கவிடாமல் வாயருகே கொண்டுபோனோம். அதுதான் மரியாதை என்று நினைப்பு. தொடை சூம்பியது. இருமலும் வந்துவிட்டது.

காற்றாவது படட்டும் என்று ஒரு காலையில் கட்டிலோடு களத்துக்குத் தூக்கிப் போனோம். அங்கே பிணையல் ஓடிக்கொண்டிருந்தது. அறுத்த கதிரைப் பரப்பி, மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்கவிடுவது. உள்பக்கத்து மாடு மெதுவாக நடந்தால் போதும், அதனால் கிழட்டு மாட்டைத்தான் அங்கே கட்டுவோம். கம்பம் சந்தையில் அதை வாங்கியது தனிக்கதை.

அய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் தூசியில் வெயில் மஞ்சளாக மிதந்தது. மேற்கு மலை தெரிந்தும் தெரியாமலும் நின்றது.

"ஏலே, என்னைய அங்கன எறக்கி விடு."

"விழுந்துருவீக அய்யா."

"விழுந்தா வைக்கல்லதான விழுவேன்? கல்லுலயா விழப்போறேன்?"

ஆத்தா, என் அம்மா, சிரித்தாள். "அந்தக் கெழட்டு மாட்டுக்கு நல்ல சோடிதான்!"

இறக்கிவிட்டதும் அய்யா அந்த மாட்டின் திமிலைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். கால் வெடவெடவென்று நடுங்கியது. மாடு நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். காலடியில் மெத்துமெத்தென்று வைக்கோல். தரையில் நடக்கிற மாதிரியே இல்லை, மூவரும் எதன்மேலோ மிதந்துபோகிற மாதிரி இருந்தது. ஒரு சுற்று வந்ததும் என் கையைத் தட்டிவிட்டார்.

களத்து வேலை முடியும்வரை தினமும் நடந்தார். பிறகு தரையிலும் நடந்தார், ஒரு கால் கட்டையாகி, சாய்ந்து சாய்ந்து. இருமல் போன இடம் தெரியவில்லை.

இப்போது என் எலும்பும் உள்ளுக்குள் பொக்கைதான் என்கிறார்கள் டாக்டர்கள். மாத்திரை தருகிறார்கள், விழுங்குகிறேன். யார் வீட்டிலாவது வயதானவர் விழுந்து, எலும்பு கூடியும் பயந்து படுத்துக் கிடந்தால், மரியாதை என்று அப்படியே படுக்கப் போட்டுவிடாதீர்கள். அவர் பயமில்லாமல் காலூன்ற ஓர் இடம் பாருங்கள். நான் சொன்னேன் என்று அந்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.